காணாக் கடலும் காக்கும் கடனும்: கோளாராய்ச்சி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளை அறிதல் என்பது அப்பொருளுக்கு யாதொரு தீங்கும் விளைக்காத செயல் என்பதே பொதுவான எண்ணமாகும். மலையைப் பார்ப்பவனால் மலை தேய்வதில்லை. விண்மீனை நோக்குபவனால் அதன் ஒளி குன்றுவதில்லை. தொலைநோக்கியொன்றே வானியலாளரின் கருவியாக இருந்த காலம் வரையும் இவ்வெண்ணம் வானியலுக்கு முற்றும் பொருந்தியிருந்தது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதன் தன் கருவிகளைக் கோள்களுக்கே அனுப்பத் தொடங்கியபோது நிலைமை மாறிற்று. நோக்குபவன் தீண்டுபவனும் ஆனான். தீண்டி அறிபவனுக்குத் தீண்டப்படும் பொருளின்பால் ஒரு பொறுப்பு உண்டா, உண்டெனின் அஃது எவர்க்கு உரியது, எதுவரை செல்வது என்னும் வினாக்கள் இதனால் எழுந்தன.

இவ்வினாக்களின் கூர்மையை உணர்த்தவல்ல நிகழ்ச்சியொன்று 2003ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்றது. 1989இல் ஏவப்பட்டு, 1995 டிசெம்பர் முதல் வியாழனைச் சுற்றிவந்த கலிலியோ விண்கலம் அன்று அக்கோளின் வாயுமண்டலத்துள் வேண்டுமென்றே செலுத்தப்பட்டு அழிக்கப்பட்டது. அதன் எரிபொருள் தீருந் தறுவாயில் இருந்தது. கட்டுப்பாடின்றி விடப்பட்டிருப்பின், அது என்றோ ஒருநாள் வியாழனின் உபகோள்களுள் ஒன்றான யூரோப்பாவின்மீது மோதியிருக்கக்கூடும். புவியிலிருந்து அதனுடன் சென்ற நுண்ணங்கிகள் எவையேனும் உயிரோடு எஞ்சியிருப்பின், அவை யூரோப்பாவின் பனிக்கட்டி ஓட்டின் கீழ் இருப்பதாகக் கருதப்படும் கடலைச் சென்றடையவும் கூடும். அவ்வாறு நேராதிருக்கும் பொருட்டே கலம் அழிக்கப்பட்டது. அக்கடல் உண்டென்பதற்கு வலுவான சான்றினைத் தந்ததும் அதே கலமே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எவரும் கண்டிராத ஒரு கடலை, அதில் உண்டோ இல்லையோ என்று அறியப்படாத உயிரின் பொருட்டுக் காப்பது அறிவுடைச் செயலா, அன்றி மிகையுணர்ச்சியின் விளைவா? இதற்கு விடை காண்பதற்கு, முதற்கண் அக்கடலைப் பற்றிய அறிவு எத்தகையது என்பதை ஆராய்தல் வேண்டும்.

தமிழ் அளவை மரபு அறிவின் வாயில்களைக் காண்டல், கருதல், உரை எனப் பகுத்துக் கூறும். பொறிகளால் நேரே உணர்வது காண்டல். கண்டதனை ஏதுவாகக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை கருதலின் வகைகளையும் எடுத்துரைக்கின்றது. சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் எனத் துணிவது அங்கு 'முதல்' எனப்படும். காரணத்திலிருந்து காரியத்தை உணர்வது அது. ஆற்றிற் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்தது எனத் துணிவது 'எச்சம்' எனப்படும். காரியத்திலிருந்து காரணத்தை உணர்வது அது. விண்கலங்கள் அளித்த அறிவை இப்பகுப்பின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையது. ஏனெனில், விண்கலத்தின் படக்கருவி காண்பது கோளின் மேற்பரப்பை மட்டுமே. கோளின் அகம் கருதலுக்கே உரியதாகும்.

'முதல்' என்னும் வகைக்கு வியாழனின் மற்றோர் உபகோளான அயோ தக்க எடுத்துக்காட்டாகும். அயோவின் பாதை முழுவட்டமாக அமையாதவாறு யூரோப்பாவும் கனிமீடும் அதனை ஈர்க்கின்றன. இதனால் வியாழனின் பேரீர்ப்பு அயோவை ஒவ்வொரு சுற்றிலும் மாறிமாறிப் பிசைகின்றது. கடலில் வற்றுப்பெருக்கை உண்டாக்கும் அதே விசை அங்கு பாறையையே அசைத்து வெப்பமூட்டும் என்றும், அதன் விளைவாக அயோவின் உட்பகுதி உருகியிருத்தல் வேண்டும் என்றும் பீல், கசன், றெனோல்ட்ஸ் ஆகிய மூவரும் கணித்துக் கூறினர். அவர்தம் கட்டுரை 1979 மார்ச் 2ஆம் திகதி வெளிவந்தது. அதே மாதம் 8ஆம் திகதி வொயேஜர் 1 எடுத்த படமொன்றில், அயோவின் விளிம்பிலிருந்து குடைபோல் எழுந்து நின்ற புகைமண்டலத்தை லிண்டா மொரபிற்றோ என்னும் பொறியியலாளர் கண்டறிந்தார். புவிக்கு வெளியே கொதித்துக்கொண்டிருக்கும் எரிமலை முதன்முதலாகக் காணப்பட்டது இவ்வாறேயாம். முகிலைக் கண்டு உரைத்த மழை ஒரு வாரத்துள் பெய்ததற்கு இதனை ஒப்பிடலாம்.

'எச்சம்' என்னும் வகைக்குச் சனியின் உபகோளான என்செலாடஸ் சான்றாகும். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் விட்டமே உடைய இச்சிறுகோளின் தென்முனையிலுள்ள வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளியில் பீறிட்டெழுவதைக் கசீனி விண்கலம் 2005இல் கண்டது. பின்னர் அத்துகள்களில் உப்பும் இருப்பது அறியப்பட்டது. வெளியே வந்த நீரைக் கொண்டு உள்ளேயுள்ள நீர் துணியப்பட்டது. அந்நீர் தென்முனைக்கு மட்டும் உரியதா, கோள் முழுதும் பரந்ததா என்னும் ஐயம் எஞ்சி நின்றது. பல ஆண்டுகாலப் படங்களை ஒப்புநோக்கிய ஆய்வாளர்கள், என்செலாடஸ் தன் சுழற்சியில் மிகச்சிறிது தளம்புவதை 2015இல் அளந்து வெளியிட்டனர். பனிக்கட்டி ஓடும் பாறைக் கருவும் இறுகப் பிணைந்திருந்தால் தளம்பல் அவ்வளவு இருத்தல் இயலாது. ஆகவே இரண்டிற்கும் இடையில் கோளைச் சூழ்ந்து ஒரு கடல் உண்டு என்பது அவர்தம் முடிபு. அவித்த முட்டையும் அவியாத முட்டையும் சுழலும் விதத்தில் வேறுபடும். ஓட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை அறியலாம் என்பதை அடுக்களையில் உள்ளோர் எவரும் அறிவர். கசீனி செய்ததும் அதனையொத்ததே.

யூரோப்பாவின் கடல் இன்னும் நுட்பமான கருதலால் துணியப்பட்டதாகும். வியாழனின் காந்தப்புலம் அக்கோளின் சுழலச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சரிந்திருப்பதால், வியாழன் சுழலுந்தோறும் யூரோப்பா உணரும் புலம் திசை மாறுகின்றது. மின்னைக் கடத்தும் பொருளொன்று மாறும் காந்தப்புலத்தில் இருப்பின் அதனுள் மின்னோட்டம் தூண்டப்பட்டு, எதிரான ஒரு புலம் தோன்றும் என்பது பௌதிகவியல் மாணவர் அறிந்த விதியாகும். மார்கரெற் கிவெல்சனின் தலைமையில் இயங்கிய குழுவினர் கலிலியோவின் காந்தமானியால் அத்தகைய எதிர்ப்புலத்தை அளந்தனர். 2000 ஜனவரியில் கிடைத்த அளவீடு, அப்புலம் வியாழனின் புலத்திற்கேற்பத் திசை திரும்புவதை உறுதிப்படுத்தியது. பனிக்கட்டி மின்னைக் கடத்துவதில் மிக வலுக்குறைந்தது. உப்புநீரோ நன்கு கடத்துவது. ஆகவே ஓட்டின் கீழ் உப்புநீர் உண்டெனக் கொள்ளப்பட்டது. காந்தமானியின் ஊசியசைவிலிருந்து ஒரு கடல் பெறப்பட்டது எனலாம்.

இவ்வெற்றிகளைக் கண்டு கருதலளவை பிழைபடாதது என்று கொள்ளுதல் தவறாகும். அளவை நூலார் ஐயம், திரிபு என்னும் குற்றங்களையும் உடன் கூறியமை காரணமின்றியன்று. 1965 யூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்து சென்றபோது இருபத்திரண்டு படங்களை எடுத்தது. அவற்றுட் கடைசி முழுமை பெறவில்லை. அவை காட்டியது கோளின் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அப்பங்கில் பள்ளங்கள் நிறைந்திருந்தமையால், செவ்வாய் சந்திரனைப் போன்று உறைந்துபோன கோள் என்னும் கருத்துப் பரவிற்று. 1971 நவம்பரில் மரினர் 9 அக்கோளைச் சுற்றத் தொடங்கியபோது புழுதிப்புயலொன்று அதனை முற்றாக மூடியிருந்தது. புழுதி அடங்கியபின் ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயரமான எரிமலையும், ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் நீளமான பெரும்பள்ளத்தாக்கும், நீரோடிய தடங்களும் வெளிப்பட்டன. முன்னைய படங்கள் பொய்யுரைக்கவில்லை. நூற்றிலொரு பங்கை முழுமையாகக் கொண்டமையே திரிபாயிற்று.

அண்மைக்காலத்திலும் இத்தகைய திருத்தம் நிகழ்ந்துள்ளது. 2018 நவம்பர் முதல் 2022 டிசெம்பர் வரை செவ்வாயில் இயங்கிய இன்சைட் கலத்தின் அதிர்ச்சிமானி, ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட நடுக்கங்களைப் பதிவு செய்தது. அந்த அலைகளைக் கொண்டு செவ்வாயின் திரவக் கருவின் ஆரை ஏறத்தாழ 1830 கிலோமீற்றர் என 2021இல் கணிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் வெளிவந்த ஆய்வுகள், கருவின் மேல் உருகிய பாறைப் படையொன்று உண்டென்றும், முன்பு கரு எனக் கொள்ளப்பட்டதன் ஒரு பகுதி அப்படையே என்றும், கருவின் ஆரை ஏறத்தாழ 1650 முதல் 1675 கிலோமீற்றர் வரையே என்றும் கூறின.

இவ்விரு பிழைகளும் திருந்தியமைக்குக் காரணம் யாது? ஆய்வாளரின் நேர்மையும் திறமையும் காரணங்களே. எனினும் அவற்றுக்கும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. செவ்வாய் மீண்டும் பார்க்கப்படுவதற்கு அங்கு இருந்தபடியே இருந்தது. கருத்து பிழைபட்டாலும் கருதப்பட்ட பொருள் கெடவில்லை. கருத்தின் பிழையைப் பொருள் திருத்தும். பொருள் கெட்டுவிடின் திருத்துவதற்கு ஒன்றும் எஞ்சாது.

இதன் உண்மையை 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது. ஏவப்படுமுன் அவை 110 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பல மணிநேரம் வைக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டன. அங்கு அவை மண்ணைச் சூடாக்கிச் சோதித்தபோது, குளோரின் கொண்ட எளிய காபன் சேர்வைகள் சிறிதளவில் தென்பட்டன. அவை புவியில் கருவிகளைக் கழுவப் பயன்பட்ட திரவங்களின் எச்சம் என்று கருதப்பட்டு ஒதுக்கப்பட்டன. செவ்வாயின் மண்ணில் சேதனப் பொருள் இல்லை என்னும் முடிபு நிலைபெற்றது. 2008இல் பீனிக்ஸ் கலம் செவ்வாயின் மண்ணில் பேர்குளோரேற்று என்னும் உப்பைக் கண்டது. அவ்வுப்பு வெப்பமேற்றப்படும்போது சேதனப் பொருளை எரித்தழிப்பதுடன், வைக்கிங் கண்டவற்றையொத்த சேர்வைகளையும் உண்டாக்கவல்லது. ஆகவே, தேடிய பொருளைத் தேடிய கருவியே அழித்திருக்கலாம் என்றும், ஒதுக்கப்பட்டதே சான்றாக இருந்திருக்கலாம் என்றும் பின்னர் வாதிக்கப்பட்டது. முடிபு எதுவாயினும், படிப்பினை தெளிவானது. கண்டது செவ்வாயினதா, தாம் கொண்டுசென்றதா என்று பிரித்தறிய இயலாதவிடத்துக் கண்டும் காணாதவராகவே ஆய்வாளர் நிற்க நேரிடுகின்றது.

இனி, யூரோப்பாவைக் காத்தற்கு எதிராகக் கூறப்படுபவற்றை நோக்குவோர், அவை எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல என்பதை உணர்வர்.

உணர்வுடைய பொருளுக்கே தீங்கு செய்தல் கூடும். உப்புநீருக்கும் பனிக்கட்டிக்கும் கடமைப்படுதல் எங்ஙனம் என்பது முதலாவது தடை. நாள்தோறும் நீரைக் காய்ச்சிக் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளைக் கொல்பவர், உண்டோ இல்லையோ எனப்பட்ட நுண்ணங்கிகளுக்காக இரங்குவது முரணாகும் என்பது இரண்டாவது. செவ்வாயிலிருந்து பெயர்ந்த கற்கள் இயற்கையாகவே புவியில் வந்து வீழ்ந்துள்ளன. புவியின் கற்களும் அவ்வாறு சென்றிருக்கக்கூடும். இயற்கை காவாத எல்லையை மனிதன் காப்பதேன் என்பது மூன்றாவது. பசித்திருப்போர் பலர் உள்ள உலகில் கருவியைத் தூய்மையாக்குவதற்குப் பெருஞ்செலவு செய்வது அறமாகாது என்பது நான்காவது.

முதலாவதற்கு விடை, இக்கடன் பனிக்கட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதாகும். ஒரே பிரதியாக எஞ்சிய, எவரும் படித்திராத ஏட்டுச்சுவடியொன்றை முதன்முதற் கையிலெடுப்பவன் அதன் எழுத்துகளை அழித்துவிடின், ஓலைக்கு நோவில்லை. ஆயினும் அவன் குற்றமற்றவன் அல்லன். அவன் பின்வரும் படிப்போர் அனைவரிடமிருந்தும் அதனைப் பறித்தவனாவான். இரண்டாவதற்கும் இதனோடொட்டிய விடையுண்டு. இதுவரை அறியப்பட்ட உயிர்கள் யாவும், பற்றீரியா முதல் மனிதன் ஈறாக, ஒரே மரபுக்குறியீட்டு முறையைக் கொண்டு, ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. காய்ச்சிய நீரில் இறப்பவை அப்பெருங்குடும்பத்தின் எண்ணற்ற உறுப்புகளுட் சில. யூரோப்பாவில் உயிர் இருப்பின், அது வேறொரு மூலத்திலிருந்து தோன்றியதாக இருக்கக்கூடும். ஒருமுறை நிகழ்ந்ததா, பலமுறை நிகழக்கூடியதா என்று அறியப்படாத உயிர்த்தோற்றத்தின் இரண்டாவது சான்றினை அழிப்பது, ஓர் உயிரைக் கொல்வதோடு ஒப்பிடத்தக்கதன்று.

மூன்றாவது தடை செவ்வாய்க்கு ஓரளவு பொருந்தலாம்; தொலைவிலுள்ள யூரோப்பாவுக்கும் என்செலாடஸுக்கும் அத்துணைப் பொருந்தாது. மேலும், இயற்கையில் நிகழ்வதும் மனிதன் செய்வதும் அறவியலில் ஒன்றல்ல. மரம் வீழ்ந்து ஒருவன் இறத்தல் உண்டென்பதால், வெட்டி வீழ்த்துபவன் எவர்மீது வீழும் எனப் பாராதிருத்தல் ஆகாது. நான்காவது தடை கோளாராய்ச்சிக்கே எதிரானது, தூய்மைக்கு எதிரானதன்று. செல்வதா இல்லையா என்பது ஒரு வினா. செல்வதெனத் துணிந்தபின் தூய்மையாகச் செல்வது செலவின் ஒரு கூறேயன்றிச் சேர்த்துக்கொண்ட அணியன்று.

இவற்றினும் வலியது ஐந்தாவது தடையாகும். காத்தலே அறிதலுக்குத் தடையாகின்றது என்பது அது. செவ்வாயில் நீர் இருக்கக்கூடிய, உயிர் வாழக்கூடிய இடங்கள் தனிக்காப்புக்குரியனவாக வகுக்கப்பட்டுள்ளன. போதிய அளவு தூய்மை செய்யப்படாத ஊர்திகள் அங்கு செல்லலாகாது. ஆகவே உயிரைத் தேடும் ஊர்திகள், உயிர் இருத்தல் கூடும் எனப்படும் இடங்களையே விலகிச் செல்ல நேர்கின்றது. பூட்டிய அறையைக் காப்பதே தொழிலாகி, உள்ளிருப்பது யாதென ஒருகாலும் அறியப்படாது போமாயின், அக்காவலினால் பயன் யாது?

இத்தடைக்கு முழு விடை கூறுதல் அரிது. எனினும் காத்தல் என்பது என்றுமே தீண்டாதிருத்தல் என்று பொருள்படாது என்பதை எண்ணுதல் வேண்டும். நாடுகளின் அறிவியலாளர் கூடி வகுத்த வழிகாட்டி, யூரோப்பாவின் கடலினுள் புவியின் உயிருள்ள நுண்ணங்கி ஒன்று புகுவதற்கான வாய்ப்பு ஒவ்வொரு பயணத்துக்கும் பத்தாயிரத்தில் ஒன்றிலும் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது. இது தடையன்று, அளவு. இதனோடு ஒரு வரிசைமுறையும் வேண்டப்படுகின்றது. தீண்டாமல் அறியக்கூடியவற்றை முதலில் அறிதல், பின்னரே தூய கையோடு தீண்டுதல் என்பதே அம்முறை. கசீனி 2015 ஒக்டோபரில் என்செலாடஸின் நீர்த்தாரையினூடே, தரையிலிருந்து ஏறத்தாழ 49 கிலோமீற்றர் உயரத்தில் பறந்து சென்றது. அத்தாரையில் ஐதரசன் மூலக்கூறுகள் உள்ளமை 2017இல் வெளியிடப்பட்டது. அடியிலுள்ள பாறையோடு வெந்நீர் தாக்கமுறுகின்றது என்பதன் அறிகுறியாக அது கொள்ளப்பட்டது. ஒரு கடலை அதன் கரையிலும் கால்வையாமல் ஆராய இயன்றது. அக்கலமும் 2017 செப்டெம்பர் 15ஆம் திகதி, கலிலியோவைப் போன்றே, சனியின் வாயுமண்டலத்துள் செலுத்தப்பட்டு அழிக்கப்பட்டது.

இக்கடன் இன்றும் உறுதியான காப்பைப் பெற்றுவிடவில்லை. 1967இன் விண்வெளி உடன்படிக்கை, வான்பொருள்களைத் தீங்கு பயக்கும் வகையில் மாசுபடுத்தலாகாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகின்றது. தூய்மையின் அளவை வகுக்கும் வழிகாட்டிகளோ சட்டமல்ல. 2019 ஏப்பிரலில் அரசுசாரா நிறுவனமொன்றின் கலம் சந்திரனில் மோதியது. கடுங்குளிரையும் வறட்சியையும் தாங்கவல்ல நீர்க்கரடி எனப்படும் நுண்ணுயிர்கள் அதில் இருந்தமை பின்னரே பலருக்கும் தெரியவந்தது. சந்திரனில் அவை பெருகுதல் இயலாது; ஆகவே விளைந்த தீங்கு சிறிது. ஆனால் அடுத்த முறை மோதுவது எக்கோளில் என்பதை எவரும் உறுதி கூற இயலாது. அன்றியும், கலத்தை வெப்பத்தில் வாட்டித் தூய்மையாக்கலாம். மனிதனை அவ்வாறு செய்தல் இயலாது. மனிதன் செவ்வாயில் கால்வைக்கும் நாளில் அவனுடன் எண்ணிலா நுண்ணங்கிகளும் கால்வைக்கும். அந்நாள் வருமுன் அறிய வேண்டியவற்றை அறிந்துகொள்ளுதல் இத்தலைமுறையின் பொறுப்பாகின்றது.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். அறியாத ஒன்றின் பொருட்டுக் கலத்தை அழித்தது மிகையுணர்ச்சியன்று. யூரோப்பாவில் உயிர் உண்டு என்று உறுதியாகத் தெரிந்திருப்பின், காத்தல் கடமை என்பதை எவரும் மறுக்கமாட்டார். இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருப்பின், காத்தல் வீண். இரண்டும் தெரியாத நிலையில், ஒரு வழி மீளக்கூடியது. மற்றொரு வழி மீள இயலாதது. காத்தது வீணென்று பின்னர் தெரியவரின், இழப்பு ஒரு பழைய கலமே. காவாதது தவறென்று பின்னர் தெரியவரின், அத்தவறு நிகழ்ந்ததையும் உறுதியாக அறிய இயலாது. ஏனெனில் அறிவதற்குரிய சான்றே கெட்டிருக்கும். ஐயம் கடமையிலிருந்து மனிதனை விடுவிப்பதில்லை. இத்தகைய இடங்களில் ஐயமே கடமையின் ஊற்றாகின்றது.

யூரோப்பாவை மீண்டும் ஆராய்வதற்கென அமைக்கப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2024 ஒக்டோபர் 14ஆம் திகதி ஏவப்பட்டது. அது 2030இல் வியாழனை அடைய வேண்டியது. கலிலியோவின் காந்தமானி உணர்த்திய கடலை அது மேலும் செம்மையாக அளந்தறியும். முன்னைய கருத்துகள் அதனால் உறுதிபெறலாம்; அன்றித் திருத்தவும் படலாம். எவ்வாறாயினும், திருத்துவதற்குரிய கடல் அங்கு தீண்டப்படாது இருக்கின்றது. 2003இல் வியாழனின் முகிலினுள் எரிந்துபோன கலம் பின்வருவோர்க்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவேயாகும்.